நம் பெயர் யார் பேரேட்டில்?

நமது அடையாள அட்டையிலுள்ள பன்னிரண்டு இலக்கங்களைச் சற்று உற்றுப் பாருங்கள். முதல் ஆறு இலக்கங்கள் நாம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு, பிறந்த மாநிலம்; ஜொகூரில் பிறந்த என் போன்றோருக்கு அது 01. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஆக, அந்த எண்ணை மட்டும் ஒருவருக்குச் சொன்னால் போதும், நம் வயதையும் பாலினத்தையும் பிறந்த மாநிலத்தையும் சேர்த்தே சொல்லிவிட்டோம்.

2001ஆம் ஆண்டில் மைகார்டு அறிமுகமான பிறகு அந்த எண்ணோடு நம் கைரேகையும் ஒரு சில்லுக்குள் போய்ச் சேர்ந்தது. பல்கலைக்கழக விண்ணப்பம், பி.டி.பி.டி.என். கடனுதவி, வங்கிக் கணக்கு, கைத்தொலைபேசி எண், அரசாங்க மருத்துவமனைப் பதிவு என எங்கு போனாலும் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். தந்தையின் வருமானம், தாயின் நோய், வீட்டு முகவரி ஆகியவை அதன் பின்னால் வரிசையாக ஒட்டிக்கொள்கின்றன.

இவற்றை நாம் விரும்பிக் கொடுத்தோம் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு கடை பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்பது சட்டம். அதில் பேரம் பேச இடமில்லை. அரசாங்கத்திடம் நாம் கொடுக்கும் விவரங்கள் கட்டாயத்தின் பேரில் கொடுப்பவை. கட்டாயப்படுத்தி வாங்கியதை வாங்கியவரே பாதுகாக்க வேண்டும் என்பதுதானே நியாயம்? ஆனால் இன்று அவ்விவரங்களில் பெரும்பகுதி அரசாங்க அலுவலகத்துக் கோப்புகளில் இல்லை. மென்பொருள் எழுதிய நிறுவனம், அதைப் பராமரிக்கும் நிறுவனம், சேமிப்பிடம் வாடகைக்கு விடும் நிறுவனம் எனக் கைமாறிக் கைமாறிப் போகின்றன. அந்நிறுவனங்களுள் சிலவற்றின் உரிமையாளர்கள் நம் நாட்டவர் அல்லர். நாமோ அவர்களோடு எந்த உடன்பாட்டிலும் கையொப்பமிட்டதில்லை.

தகவல் திருடு போகுமா என்பதே பெரும்பாலோர் கேட்கும் கேள்வி. அதற்கு முன்னதாகக் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் உள்ளன என்பது என் கருத்து. நம் விவரங்கள் யார் கையில் உள்ளன? அவர் எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்? தவறு நடந்தால் நாம் யாரிடம் போய்க் கேட்பது?

மைசெஜாதெரா தந்த பாடம்

நம் தலைமுறை மறக்க முடியாத எடுத்துக்காட்டு மைசெஜாதெரா. 2020 ஏப்ரலில் அச்செயலி வந்தபோது நாம் இடைநிலைப்பள்ளி மாணவர்கள். நாசிக்கண்டார் கடை முதல் கோயில் வாசல் வரை அதைக் காட்டாமல் உள்ளே நுழைய முடியவில்லை. யார் எங்கே போனார், எத்தனை மணிக்குப் போனார், யாருக்குக் கொரோனா கண்டது, யார் எந்தத் தடுப்பூசி போட்டார் என்பதெல்லாம் அதில் பதிவாயின.

அதை உருவாக்கியது கேபிஐசாஃப்ட் என்னும் தனியார் நிறுவனம். பின்னாளில் அது எந்தோமோ எனப் பெயர் மாறியது. அக்குழுமத்தின் தலைமையகம் சிங்கப்பூரில் உள்ளது. முதல் ஓராண்டுக்கு அரசாங்கத்திடம் கட்டணம் வாங்காமல் சமூகப் பொறுப்பாகச் செய்து தருவதாக ஏற்பாடு. நெருக்கடி நேரத்தில் அது ஓர் உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஓராண்டு முடிந்த பிறகு செயலி யாருடையது, அதற்குள் சேர்ந்துவிட்ட கோடிக்கணக்கான பதிவுகள் யாருடையவை என்ற கேள்வி எழுந்தது. 2022ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு இதை விசாரித்தது. முறையான ஒப்பந்தம் ஏதுமின்றி, இரகசியக் காப்பு உடன்பாடு ஒன்றை மட்டும் வைத்தே பணி தொடங்கப்பட்டது என்பது அப்போதுதான் மக்களுக்குத் தெரிய வந்தது. இதற்கிடையே, செயலியின் உரிமம் தொடர்பாக இரு தனியார் நிறுவனங்களுக்கிடையே 338.6 மில்லியன் ரிங்கிட் மதிப்பில் உடன்பாடு இருந்ததும் செய்திகளில் வெளியானது.

தரவுகள் அனைத்தும் அரசாங்கத்துக்கே சொந்தம் என்று அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் உறுதி கூறினார். அவர் வாக்கை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த உறுதிமொழி எப்போது வந்தது என்று பாருங்கள். நாடு முழுவதும் இரண்டு ஆண்டுகள் பதிவு செய்து முடித்து, கேள்விகள் எழுந்த பிறகு வந்தது. வீட்டைக் கட்டி, குடிபுகுந்து, பால் காய்ச்சிய பிறகு நிலத்துப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று தேடுவதைப் போன்றது இது.

2023 பிப்ரவரியில் வெளியான தேசியக் கணக்காய்வாளர் அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. 2021 அக்டோபரில் 'சூப்பர் அட்மின்' கணக்கு ஒன்றின்வழி மூன்று மில்லியன் தடுப்பூசி பெற்றோரின் விவரங்கள் பதிவிறக்கம் செய்யப்பட்டிருந்தன. பூட்டு நன்றாகத்தான் இருந்திருக்கலாம். சாவிக்கொத்து எத்தனை பேர் இடுப்பில் தொங்கியது என்பதுதான் கேள்வி.

கை மாறக் கை மாற

வெளியாரிடம் பணியை ஒப்படைப்பதில் இன்னொரு சிக்கல், அது ஒரு கையோடு நிற்பதில்லை. 2019 செப்டம்பரில் மலிண்டோ ஏர் பயணிகளின் கடப்பிதழ் எண், முகவரி, தொலைபேசி எண் முதலிய விவரங்கள் கசிந்த செய்தி வெளியானது. அந்நிறுவனம் தந்த விளக்கத்தைக் கவனியுங்கள்: தனக்கு மின்வணிகச் சேவை வழங்கிய கோகுவோ நிறுவனத்தின் இந்திய மேம்பாட்டு மையத்தில் பணியாற்றிய முன்னாள் ஊழியர் இருவர் அவ்விவரங்களைத் திருடினர் என்றது. தரவுகள் இருந்ததோ அமேசான் நிறுவனத்தின் மேகச் சேமிப்பில்.

கோலாலம்பூருக்குப் பறக்க டிக்கெட் வாங்கிய ஒருவர் விமான நிறுவனத்தைத்தான் நம்பினார். அவருக்கும் அந்த இரண்டு ஊழியர்களுக்கும் இடையே ஒரு விமான நிறுவனம், ஒரு மென்பொருள் நிறுவனம், ஓர் அயல்நாட்டு அலுவலகம், ஓர் அமெரிக்கச் சேமிப்பகம் என நான்கு படிகள். ஒவ்வொரு படியிலும் 'எங்கள் தவறன்று' என்று சொல்ல ஒருவர் இருப்பார். பத்துப் பேர் சேர்ந்து மேய்த்த மாடு பட்டினி கிடந்த கதைதான்.

இது ஒரு விமான நிறுவனத்துக்கு நேர்ந்தது. ஓர் அரசாங்கத்துக்கே நேர்ந்ததும் உண்டு. சுவீடன் நாட்டின் போக்குவரத்து முகவாண்மை 2015ஆம் ஆண்டில் தன் கணினிப் பணிகளை ஐ.பி.எம். நிறுவனத்திடம் ஒப்படைத்தது. செலவைக் குறைக்க வேண்டும், விரைவாக முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் சட்டம் கோரிய பாதுகாப்புச் சோதனைகளைத் தலைமை இயக்குநரே தள்ளி வைத்தார். அதனால் பாதுகாப்புச் சோதனைக்கு உட்படாத அயல்நாட்டுத் தொழில்நுட்பர்கள் அந்நாட்டின் ஓட்டுநர் உரிமப் பதிவுகளை எட்டும் நிலை உருவானது. 2017இல் உண்மை வெளியானபோது தலைமை இயக்குநர் முன்னரே பதவி இழந்திருந்தார். அவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் அரை மாதச் சம்பளம். அவ்வாண்டு ஜூலையில் இரண்டு அமைச்சர்கள் பதவி விலகினர். நிர்வாகத்திலும் நேர்மையிலும் உலகம் மெச்சும் நாடு அது. அங்கேயே இது நடந்தது என்றால், நாம் 'நமக்கு வராது' என்று கைகட்டி இருக்கலாமா?

கட்டடம் கூலாயில், சட்டம் எங்கே?

இங்கே நம் ஜொகூர் மாநிலத்துக்கு வருகிறேன். 2019 முதல் சில ஆண்டுகளுக்குச் சிங்கப்பூர் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி வழங்குவதை நிறுத்தி வைத்தது. அதன்பின் நிலமும் மின்சாரமும் தேடி அந்நிறுவனங்கள் கடற்பாலத்துக்கு இப்பால் வந்தன. இன்று கூலாய், செடெனாக், நூசாஜெயா வட்டாரங்களில் சன்னல் இல்லாத பெரிய பெரிய கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. செம்பனை மரங்கள் நின்ற மண்ணில் இப்போது கணினிகள் நிற்கின்றன. அமெரிக்கா, சீனா, சிங்கப்பூர் எனப் பல நாட்டு முதலீடு அங்கே கொட்டுகிறது.

வேலை வாய்ப்பு வருகிறது, மகிழ்ச்சி. பொறியியல் படிக்கும் நம் நண்பர்கள் சிலர் தொழிற்பயிற்சிக்கு அங்கே போக விரும்புவதும் எனக்குத் தெரியும். ஆனால் இதையொட்டி ஒரு தவறான நம்பிக்கையும் வளர்ந்து வருகிறது. 'தரவு மையம் நம் மண்ணில் இருக்கிறது. ஆகவே தரவும் நம் கையில் இருக்கிறது' என்பதே அது.

அமெரிக்கா 2018ஆம் ஆண்டில் 'கிளவுட் சட்டம்' எனப்படும் ஒரு சட்டத்தை இயற்றியது. அதன்படி, அமெரிக்க நீதித்துறையின் முறையான உத்தரவு வந்தால், அந்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனம் தன் வசமுள்ள தரவைக் கொடுத்தாக வேண்டும். அத்தரவு வாஷிங்டனில் இருக்கிறதா, கூலாயில் இருக்கிறதா என்பது பொருட்டன்று. 2025 ஜூன் மாதம் பிரான்சு நாட்டுச் செனட் விசாரணைக் குழு, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பிரெஞ்சுப் பிரிவு அதிகாரி ஒருவரைச் சத்தியப் பிரமாணத்தின் பேரில் கேட்டது: பிரெஞ்சுக் குடிமக்களின் தரவு, பிரெஞ்சு அரசின் சம்மதமின்றி அமெரிக்க அதிகாரிகளிடம் ஒருபோதும் போகாது என உத்தரவாதம் தர முடியுமா? முடியாது என்றார் அவர். அப்படி இதுவரை நடந்ததில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். உண்மையைச் சொன்ன அவரைப் பாராட்டலாம். ஆனால் பிரான்சு கேட்டுப் பெற்ற பதிலை நாமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஏனெனில் நம் அரசாங்கமும் 2021இல் மைக்ரோசாஃப்ட், கூகுள், அமேசான், டெலிகோம் மலேசியா ஆகிய நான்கு நிறுவனங்களை மேகக் கணிமைச் சேவைக்கெனத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தது. நான்கில் மூன்று அமெரிக்க நிறுவனங்கள்.

இந்த ஐயம் புதிதும் அன்று. 2004ஆம் ஆண்டிலேயே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் தன் மக்களின் மருத்துவக் காப்புறுதி நிர்வாகத்தை மேக்சிமஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் துணை நிறுவனத்திடம் ஒப்படைக்க முனைந்தது. அரசு ஊழியர் தொழிற்சங்கம் நீதிமன்றம் போனது. தரவுகளைக் கனடாவிலேயே வைத்திருக்க வேண்டும் என்று அம்மாநிலம் அவ்வாண்டே சட்டத்தைத் திருத்தியது. வழக்கில் சங்கம் வெல்லவில்லை. 2021இல் அக்கட்டுப்பாடும் தளர்த்தப்பட்டது. எனினும் ஒரு தொழிற்சங்கம் குரல் கொடுத்ததால், ஒரு மாநிலமே தன் சட்டத்தை எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. நாம் யாரும் இன்னும் அப்படிக் குரல் கொடுக்கவில்லை.

துரை மாறினால் போதுமா?

இதுவரை படித்தவர்கள், 'அப்படியானால் எல்லாவற்றையும் உள்ளூர் நிறுவனத்திடமோ அரசாங்கத்திடமோ கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது' என்று எண்ணலாம். அங்கேதான் நான் சற்றுத் தயங்குகிறேன். அதற்கு நம் தோட்டத்து வரலாறே காரணம்.

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் விடியற்காலைப் பெரட்டில் செக்ரோலைத் திறந்து பெயர் கூப்பிடுவார்கள். பெயருக்கு நேரே குறி விழுந்தால்தான் அன்றைய கூலி. அந்தப் பேரேட்டைத் தொழிலாளி திறந்து பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் அது அவர் படிக்க முடியாத மொழியில் இருந்தது. அதன் சொந்தக்காரர்களான கத்திரி, ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்ஃபீல்டு போன்ற நிறுவனங்களின் முதலாளிகள் இலண்டனில் இருந்தார்கள். தன் உழைப்பைப் பற்றிய கணக்கு தன் கைக்கு எட்டாத பேரேட்டில், தான் பார்த்திராத ஊரில் உள்ளவனுக்குச் சொந்தமாக இருந்தது.

1981 செப்டம்பர் 7ஆம் நாள், பெர்மோடாலான் நேஷனல் பெர்ஹாட் இலண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்திலேயே கத்திரி நிறுவனத்தின் கட்டுப்பாட்டைக் கைப்பற்றியது. நாட்டுக்குப் பெருமை தந்த நாள்தான் அது; ஐயமில்லை. இலண்டன் துரை போனார். ஆனால் பெரட்டில் பெயர் கூப்பிடுவது நின்றதா? நாள் கூலி உடனே மாதச் சம்பளமாயிற்றா? பின்னாளில் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது லயத்தைக் காலி செய்துவிட்டு மாற்று வீட்டுக்கு அலைந்த நம்மவர் எத்தனை பேர்? உரிமையாளர் மாறினார், பேரேட்டில் பெயர் உள்ளவனுக்கு அந்தப் பேரேட்டின் மேல் உரிமை வரவில்லை.

தரவு விஷயத்திலும் இதே கதைதான். 2017ஆம் ஆண்டில் 46.2 மில்லியன் கைத்தொலைபேசி எண்களின் விவரங்கள் கசிந்ததை லோயாட் இணையத்தளம் வெளிப்படுத்தியது. நாட்டின் மக்கள் தொகையைவிட அது அதிகம். 2024 ஜனவரியில் தொடங்கப்பட்ட பாடு என்னும் முதன்மைத் தரவுத் தளம் அரசாங்க ஊழியர்களாலேயே உருவாக்கப்பட்டது. வெளிநாட்டார் கை அதில் இல்லை. இருந்தும் தொடங்கிய சில நாட்களிலேயே, பிறருடைய அடையாள அட்டை எண்ணை வைத்து அவர் கணக்கின் கடவுச்சொல்லை மாற்ற முடிகிறது என்று முன்னாள் துணை அமைச்சர் ஓங் கியான் மிங் சுட்டிக்காட்டினார். குறை பின்னர் சரிசெய்யப்பட்டது. ஆனால் 'நம் ஆட்கள் செய்தது, எனவே பாதுகாப்பானது' என்ற எண்ணம் அன்றே உடைந்தது.

கடற்பாலத்துக்கு அப்பால் வேலைக்குப் போகும் நம் ஜொகூர் மக்களுக்குச் சிங்கப்பூரின் டிரேஸ்டுகெதர் செயலி நினைவிருக்கும். தொற்றுக் கண்டோரைக் கண்டறிய மட்டுமே எனச் சொல்லித்தான் அது தொடங்கப்பட்டது. 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்காகக் காவல்துறையும் அத்தரவைப் பெறச் சட்டத்தில் இடமுண்டு என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. மக்கள் கேள்வி எழுப்பிய பிறகே, கடுமையான குற்றங்களுக்கு மட்டும் என வரம்பு கட்டி அடுத்த மாதம் சட்டம் கொண்டுவந்தார்கள். இங்கே வெளிநாட்டு நிறுவனம் குற்றவாளி அன்று. ஒரு காரியத்துக்கு வாங்கியதை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்தும் ஆசை எல்லா அரசாங்கங்களுக்கும் உண்டு என்பதையே இது காட்டுகிறது.

ஆகவே அயல்நாட்டு நிறுவனம் என்பது ஆபத்தைக் கூட்டுகிறது. ஆனால் ஆபத்தின் வேர் அதுவன்று. வேர் எது? விவரங்களுக்குரியவனுக்குச் சட்டத்தில் இடமில்லாமல் இருப்பதே வேர்.

சட்டத்தில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது

நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. 2010ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அச்சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பிலுள்ளது. 2024இல் திருத்தம் செய்து, உச்ச அபராதத்தை 3 இலட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 இலட்சமாக உயர்த்தினார்கள். தரவைப் பிறர் சார்பில் கையாளும் நிறுவனங்களுக்கும் நேரடிக் கடப்பாடு வந்தது. 2025 ஜூன் முதல், தரவு கசிந்தால் அதை ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் நடப்புக்கு வந்தது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை.

ஆனால் அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கூட்டரசு அரசாங்கத்தையும் மாநில அரசாங்கங்களையும் இச்சட்டம் கட்டுப்படுத்தாது என்று அது சொல்கிறது. மூலைக்கடை நடத்துபவர் வாடிக்கையாளர் பெயரைக் கணினியில் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்தால் அவரைச் சட்டம் கேட்கும். முப்பது மில்லியனுக்கு மேற்பட்டோரின் விவரங்களை வைத்திருக்கும் அரசாங்கத்தை அதே சட்டம் கேட்காது. 2025 ஏப்ரலில் நடப்புக்கு வந்த தரவுப் பகிர்வுச் சட்டம், கூட்டரசு நிறுவனங்கள் தமக்குள் விவரங்களைப் பகிர்ந்துகொள்ள வழி செய்திருக்கிறது. பகிர்வதற்குச் சட்டம் வந்துவிட்டது. பகிரப்படுபவன் கேள்வி கேட்பதற்குச் சட்டம் வரவில்லை.

இந்தியாவில் ஆதார் அட்டையை எதிர்த்து ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆதார் ஒழிந்துவிடவில்லை. ஆனால் அந்நாட்டுக் குடிமகன் நீதிமன்ற வாசலில் நின்று 'இது என் உரிமை' என்று சொல்லக்கூடிய ஒரு சொல் அவனுக்குக் கிடைத்தது. வழக்கைத் தொடுத்தபோது அவருக்கு வயது எண்பதுக்கு மேல். நமக்கு இருபதுதான் ஆகிறது.

'மறைக்க நமக்கு என்ன இருக்கிறது?'

இதை நண்பர்களிடம் பேசும்போதெல்லாம் ஒரு பதில் வரும்: 'நாம் என்ன கோடீஸ்வரர்களா? நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது?' வேறு சிலர், 'உலகத் தரமான தொழில்நுட்பம் அவர்களிடம்தான் இருக்கிறது. நாமே செய்தால் இதைவிட மோசமாகத்தான் செய்வோம்' என்பார்கள்.

இரண்டாவது வாதத்தில் உண்மை இருக்கிறது. பெரிய அயல்நாட்டு நிறுவனங்களின் பூட்டு நம் பூட்டைவிட வலிமையானதாக இருக்கலாம். அவர்களுடைய சேவையை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தை வாடகைக்கு எடுக்கிறோம். ஆனால் சாவியை நாம்தானே வைத்துக்கொள்கிறோம்? தரவை மறைகுறியாக்கி, அதன் திறவுகோலை அரசாங்கமே வைத்துக்கொள்ளும் முறை உண்டு. செலவும் உழைப்பும் கூடும். பாதுகாப்பு இலவசமாக வருவதில்லை.

முதல் வாதத்துக்கு என் பாட்டியைச் சாட்சிக்கு அழைக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு நாள் அவருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. நீதிமன்றத்திலிருந்து பேசுவதாகச் சொன்னவன், பாட்டியின் முழுப் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் பிழையின்றி ஒப்பித்தான். அவர் பெயரில் வழக்கு இருப்பதாகவும், பணத்தை உடனே வேறு கணக்குக்கு மாற்ற வேண்டும் என்றும் மிரட்டினான். நல்ல வேளையாக அம்மா வீட்டில் இருந்து தொலைபேசியை வாங்கிவிட்டார். அதன் பிறகும் பாட்டிக்கு மனம் ஒப்பவில்லை. "என் நம்பரெல்லாம் சரியாச் சொல்றானே ஐயா, பொய்யா இருக்குமா?" என்று என்னிடம் கேட்டார். பாட்டி கோடீஸ்வரர் அல்லர். மறைக்க அவரிடம் எதுவுமில்லை. இழக்கத்தான் இருந்தது: ஊழியர் சேமநிதியில் எடுத்து வைத்த சிறு தொகை.

நம்மில் பெரும்பாலோர் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் வந்திருக்கிறோம். பணக்காரன் ஏமாந்தால் வழக்கறிஞரைக் கூப்பிடுவான். நம் பாட்டிமார் யாரைக் கூப்பிடுவார்கள்?

செய்ய வேண்டியவை

அரசாங்கத்திடம் நாம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. முதலாவதாக, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசாங்கத்தையும் கட்டுப்படுத்த வேண்டும். இரண்டாவதாக, குடிமக்களின் விவரங்களைக் கையாள ஒரு நிறுவனத்தை அமர்த்தினால், அதன் உரிமையாளர் யார், ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு, ஒப்பந்தம் முடிந்தால் தரவு என்னவாகும் என்பவற்றைப் பணி தொடங்குமுன் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். மூன்றாவதாக, கட்டாயத்தின் பேரில் வாங்கிய விவரங்களின் திறவுகோல் எந்தத் தனியார் நிறுவனத்திடமும் இருக்கக்கூடாது. நான்காவதாக, விவரம் கசிந்தால் அதை விவரத்துக்குரியவனிடம் நேரில் சொல்லும் கடமை அரசாங்கத்துக்கும் இருக்க வேண்டும். இவற்றில் எதுவும் வெளிநாட்டு முதலீட்டை விரட்டாது. நேர்மையாகத் தொழில் செய்ய வருபவருக்கு இவை பாரமல்ல.

இவை அரசாங்கம் செய்ய வேண்டியவை. ஒரு தமிழ்மொழிக் கழகத்தின் ஆண்டு மலரில் இதை ஏன் எழுதுகிறேன் என்று சிலர் கேட்கலாம். காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. நம் விவரங்களை வாங்கும் நிறுவனம் எதற்காக வாங்குகிறது, யாரிடம் கொடுக்கும் என்பதை எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் ஏழாம் பிரிவு. எந்த மொழியில்? தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும். என் பாட்டிக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். பக்கம் பக்கமாக ஆங்கிலத்திலும் மலாயிலும் உள்ள அறிவிப்பின் அடியில் அவர் இடும் கையொப்பத்தைச் சட்டம் சம்மதம் என்று ஏற்றுக்கொள்கிறது. செக்ரோல் காலத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நான் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவன். மூன்று மொழியும் படிக்கத் தெரிந்த காரணத்தால், பதின்மூன்று வயதிலிருந்தே எங்கள் வீட்டுப் பாரங்களையெல்லாம் நிரப்பும் கிராணி வேலை எனக்குத்தான். இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் அதே வேலை இருந்திருக்கும். அந்தத் திறமையை வீட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. சட்டம், கணினி, தமிழ் என மூன்று துறைகளிலும் நம் கழகத்தில் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். நம் விவரங்களைப் பார்க்கவும் பிழை இருந்தால் திருத்தவும் நிறுவனங்களிடம் கோரும் உரிமையைச் சட்டம் நமக்குத் தந்துள்ளது. அதை எப்படிக் கேட்பது, எங்கே புகார் செய்வது, தொலைபேசியில் அடையாள அட்டை எண்ணைச் சொல்பவனை ஏன் நம்பக்கூடாது என்பனவற்றை நான்கு பக்கத் தமிழ்க் கையேடாக நாம் ஏன் தயாரிக்கக் கூடாது? கூலாய், ரெங்கம், லாயாங்-லாயாங் வட்டாரத்துக் கோயில்களிலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டங்களிலும் அதை ஏன் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது? முன்னாள் மாணவர்களாகிய அண்ணன்மாரும் அக்காமாரும், குறிப்பாக வழக்கறிஞர்களாகவும் கணினித் துறையினராகவும் இருப்பவர்கள், எழுதியதைச் சரிபார்த்துத் தந்தால் போதும்.

அடுத்த ஆண்டுச் செயற்குழுவின் முதல் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக முன்வைக்க இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.